சூப்பர்வைசர் அநியாயம் பண்ணா டீமா என்ன பண்றது? அடிக்கடி கேட்கிற கேள்விகள்

மில், கார்மென்ட்ஸ், ஜவுளிக்கடை, பிபிஓ, ஐடினு எங்க வேலை பாத்தாலும் தலைக்கு மேல ஒரு சூப்பர்வைசரோ டிஎல்லோ (டீம் லீடர்) ஃப்ளோர் மேனேஜரோ இருப்பாங்க. அவங்கள பத்தி என்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்கள எடுத்து இங்க எழுதியிருக்கேன். நான் வக்கீல் இல்ல, பல வருஷம் ஷிஃப்ட்ல வேலை பாத்துட்டு அப்புறம் கூட இருந்தவங்களுக்கு மனு எழுதிக் குடுத்து பழகின ஆளு, அவ்ளோதான். சட்டம்னு சொல்ற இடமெல்லாம் தமிழ்நாட்டு நிலவரத்த வச்சு சொல்றேன்.

கே: எங்க சூப்பர்வைசர் ரொம்ப ஸ்ட்ரிக்ட். அது அநியாயமா இல்ல நாங்கதான் ஓவரா ஃபீல் பண்றமா?

ஸ்ட்ரிக்ட்டா இருக்கிறது தப்பில்லங்க. டார்கெட் வரலன்னா கேப்பாங்க, லேட்டா வந்தா கேப்பாங்க, அதுக்குத்தான் அவங்களுக்கு சம்பளம். நான் பாக்கிறது ரெண்டு விஷயம். ஒரே தப்ப ரெண்டு பேரு பண்ணா ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி நடக்குதா, இல்ல ஒருத்தருக்கு மெமோ இன்னொருத்தருக்கு சிரிப்பா? அடுத்தது, பேச்சு வேலைய பத்தி இருக்கா ஆள பத்தி இருக்கா? 'இந்தத் தையல் கோணலா போயிருக்கு, பிரிச்சுட்டு மறுபடி போடு'ங்கிறது வேலை. 'உன்னையெல்லாம் எவன் வேலைக்கு எடுத்தான்'ங்கிறது வேலை இல்ல.

இன்னொண்ணு, எல்லாரும் கத்துறத பத்தியே பேசுறாங்க, ஆனா கத்துறவர விட சத்தமே போடாம பேப்பர்ல பண்றவர்தான் ஆபத்து. லீவு கேட்டா ஒருத்தருக்கு மட்டும் கிடைக்காது, ஓவர்டைம் (ஓடி) பாத்தது ரெஜிஸ்டர்ல ஏறாது, நைட் ஷிஃப்ட் மட்டும் ஒரே ஆளுக்கு விழும், அப்ரைசல்ல ரேட்டிங் காரணமே இல்லாம இறங்கும். இதுக்கெல்லாம் சாட்சி பேப்பர்லயே இருக்கும்ங்கிறது நமக்கு ஒரு வகையில நல்லது, அத பின்னாடி சொல்றேன்.

கே: டீம்ல ஒரு பொண்ண மட்டும் டார்கெட் பண்றாரு. நாங்க பன்னெண்டு பேரு இருக்கோம், யாருமே வாய தொறக்க மாட்டேங்கிறாங்க. அது கூட பரவால்ல, இப்ப அவகூட யாரும் சாப்பிடக் கூட உக்கார மாட்டேங்கிறாங்க. ஏன் இப்படி?

எனக்கு வர்ற கேள்வியிலயே ரொம்ப கஷ்டமானது இதுதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

1930-கள் கடைசில அமெரிக்கால அயோவா பல்கலைக்கழகத்துல குர்ட் லெவின்னு ஒரு உளவியல் அறிஞரும் அவர் கூட லிப்பிட், வைட்னு ரெண்டு பேரும் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. பத்து வயசு வாக்குல இருக்கிற பசங்கள சின்னச் சின்ன குழுவா பிரிச்சு, ஸ்கூல் முடிஞ்சப்புறம் முகமூடி செய்றது மாதிரி கைவேலை குடுத்து, சில குழுவுக்கு எல்லாத்தையும் தானே முடிவு பண்ற அதிகாரத் தலைவர போட்டாங்க, சில குழுவுக்கு கலந்து பேசுற தலைவர போட்டாங்க. அதிகாரத் தலைவர் இருந்த குழுக்கள்ல பசங்க தலைவர எதிர்த்து கிளம்பிருப்பாங்கனு நினைப்பீங்க. பெரும்பாலும் அப்படி நடக்கல. பல குழுல பசங்க சுரத்தே இல்லாம உம்முனு உக்காந்துட்டாங்க, தலைவர் ரூம விட்டு வெளிய போன உடனே வேலை நின்னுடும். வேற குழுல பசங்க ஒருத்தருக்கொருத்தர் முறைச்சுகிட்டு, கடைசில தங்களுக்குள்ளயே ஒரு பையன பிடிச்சு எல்லாரும் சேந்து வறுத்தெடுத்தாங்க, அவன் அந்தக் குழுவுக்கு வர்றதையே நிறுத்துற அளவுக்கு.

பத்து வயசுப் பசங்கதானேனு விட்ராதீங்க. மேல கோவத்த காட்ட முடியாதப்ப அது பக்கத்துல இருக்கிறவங்க மேல இறங்கும். அந்தப் பொண்ணு கூட உக்காந்தா அடுத்து நாமதானோனு பயம், அந்த பயத்த 'அவளும் கொஞ்சம் அப்படித்தான்'னு நியாயம் மாதிரி மாத்திக்கிறாங்க. சூப்பர்வைசருக்கு இது ரொம்ப வசதி, ஒருத்தர அடிச்சாரு, மிச்ச வேலைய டீமே பண்ணிக் குடுத்துருச்சு. என் கணக்குல ஒரு டீம் தப்பிக்குமா சிதறுமாங்கிறது சூப்பர்வைசர் பண்றதுல முடிவாகிறதில்ல, அடுத்த நாள் மதியம் யாரு யாரு கூட உக்காந்து சாப்பிடுறாங்கங்கிறதுல முடிவாகுது.

அதனால முதல்ல பண்ண வேண்டியது மனுவும் இல்ல போராட்டமும் இல்ல. நீங்க ஒருத்தர் போய் அவங்க பக்கத்துல டிஃபன் பாக்ஸ தொறங்க. ரெண்டு நாள்ல மூணாவது ஆளு வருவாங்க. வரலன்னாலும் அவங்க தனியா இல்ல.

கே: பொதுவா ஒரு டீம் இந்த மாதிரி நேரத்துல என்னென்ன பண்ணும்?

ஹர்ஷ்மன்னு ஒரு பொருளாதார அறிஞர் 1970-ல ஒரு கணக்கு சொன்னாரு: ஒரு இடம் கெட்டுப்போச்சுனா மனுஷங்களுக்கு ரெண்டு வழி, ஒண்ணு விட்டுட்டு போறது, இன்னொண்ணு குரல் குடுக்கிறது, அந்த இடத்து மேல பற்று இருக்கிறவங்க போறத கொஞ்சம் தள்ளிப்போட்டு குரல் குடுத்துப் பாப்பாங்கனு. ஐடில டிமாண்ட் இருக்கிற ஆளுங்க மொத வழில போயிடுவாங்க, போக வழி இல்லாதவங்க உள்ள மாட்டிக்குவாங்க, அதனாலதான் மோசமான மேனேஜர் கீழ நல்லா வேலை செய்றவங்க முதல்ல காணாம போறாங்க.

ஆனா நம்ம ஊர்ல இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு பெரிய உலகமே இருக்கு. பட்டப்பேரு வைக்கிறது, அவர் இல்லாத வாட்ஸாப் குரூப், 'சரி சார்'னு சொல்லிட்டு செய்யாம விடுறது, தெரிஞ்ச விஷயத்த தெரியாத மாதிரி இருக்கிறது, மிஷின் மக்கர் பண்ணுதுனு சொல்றது. சிரிப்பா இருக்கும், மனசுக்கு கொஞ்சம் ஆறுதல், ஆனா ஒண்ணும் மாறாது. கம்பெனிக்கு இதுல என்ன நஷ்டம்னு கேட்டா, அமெரிக்கால கிரீன்பெர்க்னு ஒருத்தர் 1990-ல வெளியிட்ட ஆராய்ச்சி இருக்கு. ஆர்டர் போனதால தற்காலிகமா பத்து வாரம் 15% சம்பளம் குறைச்ச ஃபேக்டரிங்கள பாத்தாரு. ஒரு ஃபேக்டரில தலைவரே வந்து ஒண்ணரை மணி நேரம் கணக்கெல்லாம் காட்டி வருத்தப்பட்டு விளக்கினாரு, இன்னொண்ணுல கால் மணி நேரத்துல சொல்லிட்டு போயிட்டாங்க. ரெண்டுலயும் வெட்டு ஒண்ணுதான், ஆனா விளக்காம போன இடத்துல பொருள் திருட்டு நல்லா ஏறிச்சு, விளக்கின இடத்துல அவ்ளோ இல்ல. மனுஷனுக்கு காசு போனத விட மதிக்காம போனது ஜாஸ்தி வலிக்கும்.

கே: அப்ப எல்லாரும் பேசி வச்சு வேலைய ஸ்லோ பண்ணா அவருக்குப் புரியுமா?

இது பழைய வித்தை. சிகாகோ பக்கத்துல ஹாத்தார்ன் ஃபேக்டரில 1931-32ல டெலிஃபோன் ஸ்விட்ச்சுக்கு வயரிங் பண்ற 14 பேர ஒரு ரூம்ல வச்சு மாசக்கணக்கா கவனிச்சாங்க. அவங்களே ஒரு நாளைக்கு இவ்ளோதான்னு அளவு வச்சிருந்தாங்க, அதுக்கு மேல செஞ்சா ரேட்ட குறைச்சுடுவாங்கனு பயம். யாராவது மீறினா பக்கத்துல இருக்கிறவன் கைத்தசைல நறுக்குனு ஒரு குத்து விடுவான். மேல போய் போட்டுக் குடுக்கிறவனுக்கும் அங்க மரியாதை கிடையாது.

ஒற்றுமைனு பாத்தா நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க நிலைமைக்கு நான் வேணாம்னுதான் சொல்வேன். ஸ்லோ பண்ணா கணக்குல விழறது உங்க நம்பர். அவர் பண்ண அநியாயம் எந்தக் கணக்குலயும் இருக்காது. நாளைக்கு மேனேஜ்மென்ட் முன்னாடி அவர் கைல உங்க புரொடக்ஷன் ரிப்போர்ட் இருக்கும், உங்க கைல ஒண்ணும் இருக்காது.

கே: ஒரே நாள் எல்லாரும் கேஷுவல் லீவு போட்டா?

போடறதுக்கு முன்னாடி இத படிச்சுடுங்க. 2025 நவம்பர் 21-ல இருந்து புது தொழிலாளர் சட்டத் தொகுப்புங்க அமலுக்கு வந்துடுச்சு. அதுல தொழில் உறவு சட்டத் தொகுப்பு படி, ஒரு நிறுவனத்துல பாதி பேரோ அதுக்கு மேலயோ ஒரே நாள் சேந்து கேஷுவல் லீவு போட்டா அது ஸ்ட்ரைக்னே எடுத்துக்குவாங்க. ஸ்ட்ரைக்குனா 14 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், குடுக்கலன்னா சட்ட விரோதம். இன்னொரு பழைய விதி, பத்து பேரோ அதுக்கு மேலயோ சேந்து முன்னறிவிப்பு இல்லாம, நியாயமான காரணமும் இல்லாம வராம இருந்தா, வேலை ஒப்பந்தத்துல அப்படி ஷரத்து இருந்தா, 8 நாள் சம்பளம் வரைக்கும் பிடிக்கலாம். பழைய சம்பளச் சட்டத்துல இருந்தது, புதுசுலயும் இருக்கு. கோவத்துல ஒரு நாள் லீவு போட்டு எட்டு நாள் காச விடறது யாருக்கு லாபம்னு நீங்களே பாத்துக்குங்க.

கே: எச்ஆர் கிட்ட போனா பிரயோஜனம் இருக்கா? எச்ஆர் கம்பெனி ஆளுதானே?

ஆமா கம்பெனி ஆளுதான், அதுல சந்தேகமே வேணாம். அதனாலதான் எழுத்துல போகணும். வாய்ல சொன்னா 'நான் பேசுறேன்மா'னு அனுப்பிடுவாங்க, சாயங்காலத்துக்குள்ள சூப்பர்வைசருக்கு உங்க பேரு போயிருக்கும். எழுத்துல போனா ஒரு தேதி இருக்கு, இனிமே உங்க மேல என்ன நடவடிக்கை எடுத்தாலும் அந்தத் தேதிக்கு முன்னாடியா பின்னாடியானு கேள்வி வரும்.

எப்படி எழுதறதுனா, குணத்த எழுதாதீங்க. 'அவர் ரொம்ப மோசமானவர், சர்வாதிகாரி, எங்கள அடிமை மாதிரி நடத்துறார்'னு எழுதினா படிக்கிறவங்க ரெண்டு வரில மூடி வச்சுடுவாங்க. என்னைக்கு, எத்தன மணிக்கு, எந்த லைன்ல, என்ன சொன்னாரு, யாரு பக்கத்துல இருந்தாங்க, அதனால என்ன ஆச்சு, இவ்ளோதான் வேணும். 'செவ்வாய்க்கிழமை செகண்ட் ஷிஃப்ட்ல பாத்ரூம் போக டோக்கன் கேட்டப்ப குடுக்கல, ஒரு மணி நேரம் கழிச்சுதான் குடுத்தாரு, அதே நேரத்துல பக்கத்து லைன்ல ரெண்டு பேருக்கு குடுத்தாரு'. இது போதும். அவர் சர்வாதிகாரியா இல்லையானு படிக்கிறவங்களே முடிவு பண்ணிக்குவாங்க. ஓடி, லீவு, ஷிஃப்ட் ரோஸ்டர் இதெல்லாம் மூணு மாசத்துக்கு தனியா ஒரு நோட்ல எழுதி வைங்க, கம்பெனி கம்ப்யூட்டர்ல வேணாம், வேலைய விட்டு அனுப்பினா அன்னைக்கே லாகின் போயிடும்.

அப்புறம் என்ன வேணும்னு கடைசில தெளிவா கேளுங்க. நிறைய மனு பாத்திருக்கேன், ரெண்டு பக்கம் அழுதிருப்பாங்க, கேட்டது ஒண்ணும் இருக்காது. 'ஓடி ரெஜிஸ்டர தினமும் எங்ககிட்ட கையெழுத்து வாங்கணும்', 'நைட் ஷிஃப்ட் சுழற்சி முறைல போடணும்', இந்த மாதிரி செய்யக்கூடியதா கேட்டா மேனேஜ்மென்ட்டுக்கும் சூப்பர்வைசர் மானம் போகாம ஒத்துக்க ஒரு வழி இருக்கும். அவர வேலைய விட்டே தூக்கணும்னு மொத மனுலயே கேட்டீங்கனா அவங்க அவர் பக்கம்தான் நிப்பாங்க.

கே: யாரு மொத கையெழுத்து போடறது? அதுலதான் நின்னு போச்சு.

வட்டமா போடுங்க, யாரு மொதல் யாரு கடைசினு தெரியாது. அந்தக் காலத்துல கப்பல் ஆளுங்க கேப்டனுக்கு மனு குடுக்கிறப்பவே பண்ண டெக்னிக் இது. ஆனா நேர்ல போறப்ப ஒரு ஆள தனியா அனுப்பாதீங்க, மூணு பேரா போங்க, அதுல பாதிக்கப்பட்டவங்க பேசணும்னு கட்டாயம் இல்ல.

கே: டீம்லயே ஒரு ஜால்ரா இருக்காரு. நாங்க பேசுறது எல்லாம் அப்படியே மேல போகுது.

எல்லா இடத்துலயும் ஒருத்தர் உண்டு. அவர ஒதுக்காதீங்க, ஒதுக்கினா அவருக்கு போக்கிடம் அந்த சூப்பர்வைசர் மட்டும்தான். மேல போனா பரவால்லங்கிற விஷயத்த அவர் முன்னாடி பேசுங்க. சில சமயம் நான் வேணும்னே அப்படி பேசியிருக்கேன், தபால் செலவு மிச்சம்.

கே: கம்பெனில புகார் கமிட்டி இருக்கணுமாமே, எங்ககிட்ட அப்படி எதுவும் இல்லயே?

20 பேரோ அதுக்கு மேலயோ தொழிலாளர்கள் இருக்கிற இடத்துல குறை தீர்க்கும் கமிட்டி இருக்கணும்னு சட்டம் சொல்லுது. மேனேஜ்மென்ட் பக்கம் எத்தன பேரோ தொழிலாளர் பக்கமும் அத்தன பேரு, மொத்தம் பத்துக்கு மேல போகக்கூடாது, பொண்ணுங்களுக்கு வேலை செய்ற எண்ணிக்கைக்கு ஏத்த இடம் இருக்கணும். பிரச்சனை நடந்து ஒரு வருஷத்துக்குள்ள மனு குடுக்கலாம், 30 நாள்ல விசாரிக்கணும். பல இடத்துல இது பேப்பர்ல மட்டும்தான் இருக்கும், உறுப்பினர் யாருன்னா ஒருத்தருக்கும் தெரியாது. அதனால மொத கேள்வியே 'கமிட்டி உறுப்பினர் லிஸ்ட் குடுங்க'னு ஒரு மெயில் போட்டுப் பாருங்க, அந்த ஒரு மெயிலுக்கே சில சூப்பர்வைசருங்க குரல் இறங்கிடும்.

பாலியல் தொந்தரவுனா அது வேற வழி, 2013 சட்டம். பத்து பேரு வேலை செய்ற இடம்னாலே உள் புகார் கமிட்டி கட்டாயம், தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்ல பாதியாவது பெண்கள். மூணு மாசத்துக்குள்ள எழுத்துல புகார் குடுக்கணும், தகுந்த காரணம் இருந்தா இன்னும் மூணு மாசம் நீட்டிக்கலாம், 90 நாள்ல விசாரணை முடிக்கணும். பத்து பேருக்கு கம்மினாலோ முதலாளி மேலயே புகார்னாலோ மாவட்ட அளவுல உள்ளூர் கமிட்டி இருக்கு. ஜாதிய சொல்லி திட்டினா, திட்டு வாங்கினவங்க பட்டியல் ஜாதியோ பழங்குடியோ சேந்தவங்களா இருந்து, அது மத்தவங்க பாக்குற இடத்துல நடந்திருந்தா, 1989 வன்கொடுமை தடுப்புச் சட்டம் வரும், அது எச்ஆர் விஷயமே இல்ல, போலீஸ் விஷயம். இந்த ரெண்டையும் 'உள்ளுக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்'னு சொல்றவங்கள நம்பாதீங்க.

கே: இதெல்லாம் நிஜத்துல எங்கயாவது வேலை செஞ்சிருக்கா?

செஞ்சிருக்கு, ஆனா விலை குடுத்து. திண்டுக்கல் மாவட்டத்துல ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரில வேலை பாத்த ஒரு இளம் தலித் பொண்ணு 2021 ஜனவரில கொல்லப்பட்டாங்க, அவங்க சூப்பர்வைசர் கைதானாரு. அதுக்கப்புறம் அங்க இருந்த பொண்ணுங்க, தலித் பெண்கள் முன்னாடி நின்னு நடத்துற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் மூலமா ஒரு வருஷத்துக்கு மேல விடாம நின்னாங்க. 2022 ஏப்ரல்ல திண்டுக்கல் ஒப்பந்தம்னு ஒண்ணு கையெழுத்தாச்சு, வெளிநாட்டு துணி பிராண்டுங்களும் அதுல கட்டுப்பட்டாங்க. அதுல எனக்குப் பிடிச்சது, தொழிலாளர்கள்லயே 25 பேருக்கு ஒருத்தர்ங்கிற கணக்குல ஃப்ளோர் கண்காணிப்பாளரா பயிற்சி குடுத்து நிறுத்துறது. யாராவது கத்தினா, கெட்ட வார்த்தை பேசினா, அந்த நிமிஷமே பக்கத்து மிஷின்ல இருக்கிறவங்க எடுத்துப் பேசலாம், எச்ஆர் ரூம் வரைக்கும் தனியா நடந்து போக வேண்டியதில்ல.

மூணாறுல 2015 செப்டம்பர்ல போனஸ 10%ஆ குறைச்சப்ப தேயிலை பறிக்கிற தமிழ்ப் பொண்ணுங்க ஆயிரக்கணக்குல ரோட்டுல உக்காந்தாங்க, பெம்பிளை ஒருமைனு பேரு. அவங்க சங்கத் தலைவர்களையே கிட்ட விடல, இவங்களும் மேனேஜ்மென்ட்டும் ஒண்ணுனு ஓப்பனா சொன்னாங்க. ஒம்பது நாள்ல போனஸும் கருணைத் தொகையுமா சேத்து 20% வாங்கினாங்க. கங்காணி காலத்துல இருந்து மேஸ்திரி வாய்க்கு பயந்து வாழ்ந்த குடும்பங்க, அதான் அது அவ்ளோ பெருசா தெரிஞ்சுது.

சின்ன விஷயமும் உண்டு. ஜவுளிக்கடைல நாள் முழுக்க நின்னுகிட்டே, சுவத்துல சாஞ்சா கூட ஃப்ளோர் மேனேஜர் ஃபைன் போடுறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருல பெண்கூட்டுனு கடைப் பொண்ணுங்க அமைப்பு வருஷக்கணக்கா கத்தி, 2018-ல கேரளாவுல உக்காரும் உரிமை சட்டத்துல வந்துச்சு. 2021-ல தமிழ்நாடும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்த திருத்தி இருக்கை கட்டாயம்னு ஆக்கிடுச்சு. இன்னைக்கும் தி.நகர்ல எத்தன கடைல ஸ்டூல் இருக்குனு போய்ப் பாருங்க, இருக்கிற ஸ்டூல்ல எத்தன பேரு உக்காந்திருக்காங்கனும் பாருங்க.

கே: ஐடில யூனியன் எல்லாம் வைக்க முடியுமா? வச்சா பிளாக்லிஸ்ட் பண்ணிடுவாங்கனு சொல்றாங்க.

வைக்கலாம், 2016-லயே தமிழ்நாடு அரசு ஐடி ஊழியர்களுக்கும் அந்த உரிமை உண்டுனு தெளிவா சொல்லிடுச்சு. பயமும் பொய் இல்ல. சீக்கிரம் நடக்கும்னும் நினைக்காதீங்க, 2024-ல ஸ்ரீபெரும்புதூர்ல சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளிய நின்னாங்க, முக்கிய கோரிக்கைல ஒண்ணு சங்கத்த அங்கீகரிக்கிறது, சங்கம் பதிவானது அடுத்த வருஷம் ஜனவரில. ஒரு டிஎல் ரேட்டிங்ல ஓரவஞ்சனை பண்றாருங்கிறதுக்கு இவ்ளோ தூரம் போகணுமானு கேட்டா, தேவையில்ல. உங்க டீம்ல எல்லாரும் அவங்கவங்க ரேட்டிங்கையும் அதுக்கு குடுத்த காரணத்தையும் ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கிட்டாலே போதும். ரகசியமா வச்சுக்குங்கனு அவர் ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொன்னதுக்கு காரணம் அப்ப புரியும்.

கே: அவர் பாவம், மேல இருந்து அவருக்கே பிரஷர்னு சிலர் சொல்றாங்க.

இருக்கலாம், பெரும்பாலும் உண்மையாவே இருக்கும். டார்கெட் போடுறது அவர் இல்ல, ஆள் குறைச்சதும் அவர் இல்ல. அதனால மனுல டார்கெட்டையும் சேத்து எழுதுங்க, 'முப்பது பேரு செஞ்ச வேலைய இருபத்திரண்டு பேரு செய்றோம்'னு. சில சூப்பர்வைசருங்க அத படிச்சுட்டு, தனியா கூப்பிட்டு, இன்னும் ரெண்டு பாயிண்ட் சேக்க சொல்லி எடுத்துக் குடுத்திருக்காங்க. ஆனா பிரஷர் எல்லார் மேலயும்தான் இருக்கு, அவர் ஏன் அத அந்த ஒரு பொண்ணு மேல மட்டும் இறக்குறாருனும் கேளுங்க.

கே: எல்லாம் பண்ணிப் பாத்தாச்சு, ஒண்ணும் நடக்கல. ரிசைன் பண்ணிடலாமா?

உடம்பு கெட ஆரம்பிச்சுதுனா பண்ணிடுங்க, யாரும் உங்கள கேக்க முடியாது. ஆனா அவங்க மிரட்டி வெள்ளைத்தாள்ல கையெழுத்து கேட்டாலோ, 'நீயே எழுதிக் குடுத்துட்டா நல்ல லெட்டர் தர்றேன்'னாலோ எழுதாதீங்க. அவங்களா நீக்கினா தொழிலாளர்ங்கிற வரையறைல வர்றவங்க தனி ஆளா கூட தொழிலாளர் துறைல தகராறு எழுப்பலாம், சங்கம் வேணும்னு இல்ல. நீங்களா ரிசைன் பண்ணிட்டா அத கட்டாயப்படுத்தி வாங்கினாங்கனு நிரூபிக்கிற பாரம் உங்க மேல. போறதா முடிவு பண்ணிட்டீங்கன்னா போறதுக்கு முன்னாடி சம்பள சிலிப், பிஎஃப் நம்பர், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் காப்பி எல்லாம் எடுத்துக்குங்க, ஓடி, லீவு, ரோஸ்டர் எல்லாம் எழுதி வச்ச அந்த நோட்ட மட்டும் டீம்ல இருக்கிற ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு போங்க.